டர்பனில் டிசம்பர் விடுமுறை வேலை: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

டிசம்பர் லீவில் வேலை வேண்டும் என்று டிசம்பரில் தேடத் தொடங்குகிறவர்களுக்கு டர்பனில் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அவர்களிடம் குறை ஏதும் இல்லை. கடைகள் அதற்குள் ஆள் எடுத்து, பழக்கி, ஷிஃப்ட் அட்டவணையும் போட்டு முடித்திருக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் தயார் செய்து கொடுக்கிறவன் என்ற முறையில் நான் பார்த்தவரை, சிவி நன்றாக இல்லாமல் வேலை தவறிப்போனவர்கள் குறைவு. வரிசை மாறிப்போனதால் தவறவிட்டவர்களே அதிகம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது.

1. வயதும் அனுமதியும் சரியா என்று பாருங்கள்

15 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவில் குற்றம். 15 முதல் 18 வரை வேலை செய்யலாம், ஆனால் ஆபத்தான வேலை கூடாது. இது சட்டம். நடைமுறையில் மால்களில் இருக்கும் பல பெரிய கடைகள் 18 நிறைந்தவர்களைத்தான் கேட்கின்றன. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அங்கே போய் அலைவதைவிடத் தெரிந்தவர்களின் சிறு கடைகளில் கேட்பது நல்லது.

இந்தியாவிலிருந்து வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் அர்ச்சகராகவோ ஐ.டி. வேலைக்கோ வந்தவரின் பிள்ளை என்பதால் மட்டும் இங்கே வேலை செய்ய உரிமை வந்துவிடாது. பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான மாணவர் விசா இருந்தால் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதி நேர வேலை செய்யலாம். பெற்றோரோடு உடன் வந்தவர் என்ற விசாவில் வேலை செய்ய முடியாது. 'கையில் காசு கொடுத்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாது' என்று சொல்லும் கடைக்காரரை நம்பிப் போகவேண்டாம். பிடிபட்டால் அவருக்கு அபராதம். உங்களுக்கு விசாவே போகும்.

2. காலண்டரை எடுத்து வையுங்கள்

ஆள் எடுக்கும் வேலை செப்டம்பர் கடைசியில் மெல்லத் தொடங்கி அக்டோபரில் சூடு பிடிக்கும். காரணம், நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வரும் பெரிய தள்ளுபடி நாளான பிளாக் ஃப்ரைடே. அன்றைக்குப் புது ஆளை டில்லில் (காசு வாங்கும் இடத்தில்) உட்கார வைத்துப் பழக்க எந்த மேனேஜரும் துணியமாட்டார். அதற்குச் சில வாரம் முன்பே ஆள் உள்ளே வந்திருக்கவேண்டும். அந்த ஆட்களே கிறிஸ்துமஸ் வரை தொடர்வார்கள்.

இன்னொரு பக்கம், டிசம்பர் நடுவில் தொழிற்சாலைகள், கட்டட வேலைகள், பல அலுவலகங்கள் மூடிவிடும். ஜனவரி முதல் வாரம் தாண்டித்தான் திறப்பார்கள். அந்த மூன்று வாரத்தில் ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு 'பதிலே இல்லை' என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை. அங்கே படிக்க ஆளே இருக்காது. அலுவலக வேலைதான் வேண்டும் என்றால் அக்டோபரிலேயே கேளுங்கள், அல்லது ஜனவரி நடுவுக்குத் தள்ளிப்போடுங்கள்.

நம்மவர்கள் கவனிக்காமல் விடும் வாய்ப்பு ஒன்று உண்டு: தீபாவளி. அதற்கு முந்தைய வாரங்களில் பலகாரக் கடைகள், சேலைக் கடைகள், பூஜைச் சாமான் கடைகள் எல்லாவற்றுக்கும் கூடுதல் கை வேண்டும். சில நாள் வேலைதான், சம்பளமும் பெரிதாக இருக்காது. ஆனால் அங்கே பெட்டி கட்டி, காசு எண்ணிப் பழகியவர் அடுத்த வாரமே மாலில் 'அனுபவம் உண்டா?' என்ற கேள்விக்கு 'உண்டு' என்று சொல்லலாம்.

இரண்டாவது அலை ஜனவரியில் வரும். பள்ளி திறப்பதற்கு முன் சீருடைக் கடைகளும் நோட்டுப் புத்தகக் கடைகளும் நிரம்பி வழியும். அதே சமயம் பல கடைகள் சரக்கு எண்ணிக்கை எடுக்க ஆள் தேடும். டிசம்பரைத் தவறவிட்டவர்கள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இதற்குக் கேட்கவேண்டும்.

பரீட்சைதான் சிக்கல். மேட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு நவம்பர் முழுக்கப் பரீட்சை, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் அதே மாதம்தான். வேலைக்கு ஆள் எடுப்பதும் அதே நேரம். இதற்கு வழி, பரீட்சை அட்டவணையைப் பார்த்துக் கடைசித் தாள் என்றைக்கு என்று குறித்துக்கொண்டு, எந்தத் தேதியிலிருந்து வரமுடியும் என்பதைச் சிவியின் தலையிலேயே எழுதுவது. 'எப்போது வேண்டுமானாலும் வருவேன்' என்று சொல்லிவிட்டு முதல் வாரமே லீவு கேட்பவரை யாரும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள்.

3. காகிதங்களைச் செப்டம்பரில் முடியுங்கள்

வேலை கிடைத்த பிறகு காகிதம் தேடலாம் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மேனேஜர் வெள்ளிக்கிழமை கூப்பிட்டுத் திங்கள்கிழமை எல்லாவற்றோடும் வா என்பார். உங்களிடம் இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அடையாள அட்டை. 16 வயதானால் விண்ணப்பிக்கலாம், முதல் அட்டைக்குக் கட்டணம் இல்லை. ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) நாளெல்லாம் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும், முடிந்தால் இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு போங்கள். சில வங்கிக் கிளைகளிலும் இந்தச் சேவை உண்டு. அட்டை கைக்கு வரச் சில வாரம் ஆகும் என்பதால் எல்லாவற்றுக்கும் முன் இதைத்தான் செய்யவேண்டும். மற்ற காகிதம் எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

சான்றளித்த நகல்கள். அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போனால் இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள். பல முதலாளிகள் மூன்று மாதத்துக்குள் போட்ட முத்திரைதான் வேண்டும் என்பார்கள். செப்டம்பர் கடைசியில் போட்டால் கிறிஸ்துமஸ் வரை தாங்கும். ஜூலையில் போட்டதைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

வங்கிக் கணக்கு. உங்கள் பெயரிலேயே இருக்கவேண்டும். அம்மாவின் கணக்கில் போடச் சொன்னால் பெரிய கடைகளின் சம்பளப் பிரிவு ஏற்காது. கணக்கு திறந்ததும், வங்கி தரும் கணக்கு உறுதிக் கடிதத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரி எண். வரி வசூலிக்கும் சார்ஸ் அமைப்பின் ஈ-ஃபைலிங் தளத்தில் இலவசமாக வாங்கலாம். வேலை கொடுப்பவரே வாங்கிக் கொடுப்பதும் உண்டு. இதற்கு இருநூறு முந்நூறு ரேண்ட் கேட்கும் ஏஜெண்டுகளிடம் போகவேண்டாம்.

முகவரிச் சான்று. மின் கட்டண ரசீது பெரும்பாலும் தாத்தா பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கும். அப்படியானால் அந்த ரசீதோடு, இவர் இந்த வீட்டில் வசிக்கிறார் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும், அவருடைய அடையாள அட்டை நகலும் வாங்கி வையுங்கள்.

இவற்றையெல்லாம் போனில் படம் பிடித்து, ஒரே கோப்புறையில் ஒழுங்காகப் பெயரிட்டு வையுங்கள். நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே 'வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கடைப் பெயரையும் தேதியையும் போடுங்கள். உங்கள் நகலை வைத்து வேறொருவர் கடன் வாங்காமல் இருக்க இது உதவும்.

4. ஒரே பக்கத்தில் சிவி

விடுமுறை வேலைக்கு இரண்டாம் பக்கம் வேண்டாம். கடையில் சிவியைப் பார்ப்பவர் டில்லுக்கும் கிடங்குக்கும் நடுவே நின்றுகொண்டே பார்ப்பார். அவர் தேடுவது மூன்று: எங்கே இருக்கிறாய், எப்போதிலிருந்து எப்போது வரை வருவாய், யாரைக் கேட்டால் உன்னைப் பற்றிச் சொல்வார். இந்த மூன்றும் மேல் பாதியில் இருக்கட்டும். புகைப்படம் தேவையில்லை. அடையாள எண்ணையும் போடவேண்டாம், வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். பிறந்த ஆண்டு போதுமானது.

'எனக்கு அனுபவமே இல்லையே அங்கிள்' என்று சொல்லும் பிள்ளையிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது வரிசையை ஒழுங்குபடுத்தியது, புரட்டாசியில் அன்னதானத்துக்குச் சாமான் வாங்கிக் கணக்கு எழுதியது, காவடி அன்று தண்ணீர்ப் பந்தலில் காலையிலிருந்து நின்றது என்று வரிசையாக வெளியே வரும். இதெல்லாம் அனுபவம்தான். ஆனால் 'கோயில் சேவை' என்று மட்டும் எழுதினால் மேனேஜருக்கு ஒன்றும் புரியாது. என்ன செய்தீர்கள், எத்தனை பேருக்கு, பணம் கையாண்டீர்களா என்று எழுதுங்கள்.

சாட்சி சொல்ல இரண்டு பேர் வேண்டும். மாமா, சித்தப்பா கூடாது. பள்ளி ஆசிரியர் ஒருவர், கோயில் கமிட்டிச் செயலாளரோ விளையாட்டுப் பயிற்சியாளரோ ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இந்தக் காலத்தில் யாரும் எடுப்பதில்லை.

5. எங்கே கேட்பது: போகும் வழியிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் முதலில் ஓடுவது உம்லாங்காவின் கேட்வேக்கும் வெஸ்ட்வில்லின் பெவிலியனுக்கும். அங்கே வேலை நிறைய, போட்டியும் நிறைய. அதோடு டிசம்பரில் கடை மூடும் நேரம் தள்ளிப்போகும். இரவு ஒன்பதுக்கு மேல் வேலை முடிந்தால் வீட்டுக்கு டாக்ஸி (பலர் ஏறும் வேன்) கிடைக்குமா? சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்கா போக நகரத்தில் ஒரு தடவை மாறவேண்டியிருந்தால், இரண்டு பக்கக் கூலியையும் கூட்டி, ஒரு நாள் சம்பளத்தில் கழித்துப் பாருங்கள். நாலு மணி நேர ஷிஃப்டுக்கு அவ்வளவு தூரம் போவது பல சமயம் நஷ்டம்.

அதனால் ஒரே டாக்ஸியில் போய்த் திரும்பக்கூடிய கடைகளை முதலில் எழுதுங்கள். சாட்ஸ்வொர்த் சென்டர், ஃபீனிக்ஸ் பிளாசா, வெருலம், டோங்காட் கடைத்தெருக்கள், சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கடை போடுகிறவர்கள். அப்புறம் நகரம்: கிரே ஸ்ட்ரீட் பக்கத்துத் துணிக் கடைகள், கடற்கரை ஹோட்டல்கள், உஷாகா கடல் பூங்கா. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கூட்டம் கடற்கரையில்தான் இறங்கும் என்பதால் ஹோட்டல், உணவகங்களுக்கு டிசம்பர் நடுவில்கூடத் திடீரென்று ஆள் தேவைப்படும். தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு மிச்சம் இருக்கும் கதவு அது.

இணையத்தில் எஸ்ஏ யூத் தளத்தில் பதிவு செய்யுங்கள். இளைஞர்களுக்கானது, இலவசம், டேட்டா செலவும் இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்திலும் வேலை தேடுபவராகக் காசில்லாமல் பதிந்துகொள்ளலாம். பெரிய சங்கிலிக் கடைகள் தங்கள் தளம் வழியாகத்தான் எடுக்கும், அங்கே காகிதச் சிவியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேசைக்கு அடியில் கிடக்கும். சிறு கடைகளில் நேர்மாறு.

6. நேரில் போகும் முறை

செவ்வாய், புதன், காலை பத்து மணி வாக்கில் போங்கள். மாத முடிவிலும் சனிக்கிழமையிலும் போனால் கடை கூட்டத்தில் மூழ்கியிருக்கும், நீங்கள் இடைஞ்சல்தான். தனியாகப் போங்கள். நண்பர்கள் நாலு பேராகப் போய் நின்றால் நாலு பேரும் ஒன்றாகத்தான் நினைவில் இருப்பார்கள், அதாவது யாரும் நினைவில் இருக்கமாட்டார்கள். அப்பா கூட வந்து பேசுவது இன்னும் மோசம்.

மேனேஜரைக் கேளுங்கள், இல்லையென்றால் அவர் எப்போது இருப்பார் என்று கேட்டு அந்த நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். டில்லில் இருப்பவரிடம் சிவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடமும் உள்ளே அலமாரி அடுக்குகிறவரிடமும் 'சவுபோனா' என்று வணக்கம் சொல்லி, போகும்போது 'ஙியபோங்கா' என்று நன்றி சொல்லுங்கள். டர்பனில் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். விலை, எண், வணக்கம் இந்த அளவுக்கு ஜூலு தெரிந்த பிள்ளைக்கு மற்றவரைவிட ஒரு படி கூடுதல்தான்.

எங்கே, என்றைக்கு, யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை விசாரியுங்கள்.

7. காசு கேட்டால் கிளம்பிவிடுங்கள்

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முன்பணம், 'மெடிக்கல்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வேலை கொடுப்பதற்காக முதலாளி காசு வாங்குவதையும், வேலை தேடித் தருவதற்காக ஏஜென்சி காசு வாங்குவதையும் இந்த நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் பெரிய கடையின் முத்திரையோடு வரும் செய்தி உண்மையா என்று அந்தக் கடையின் சொந்தத் தளத்தில் பாருங்கள். பெட்ரோல் பங்க் வாசலிலோ யாருடைய வீட்டிலோ வந்து பார்க்கச் சொன்னால் போகவேண்டாம்.

8. கிடைக்கும் நாட்களை முன்பே முடிவு செய்யுங்கள்

நேர்காணல் பத்து நிமிடம்தான். அதில் பாதி உங்கள் நாட்களைப் பற்றித்தான் இருக்கும். டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 நான்கும் பொது விடுமுறை. இவற்றில் எந்த நாளில் கடை திறந்திருக்கும், எதில் நீங்கள் வரமுடியும் என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். வெளியூர்க் கல்யாணம், குடும்பப் பயணம் இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். தைப்பூசக் காவடி எடுக்கிறவர்களும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும், நம்மவர் அல்லாத மேனேஜருக்குத் தெரிய வழியில்லை. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நாள் ஒதுக்கவேண்டியவர்களும் அப்படியே.

முன்பே சொன்ன லீவுக்கு அட்டவணையை மாற்றிக்கொடுக்கத் தயங்கும் மேனேஜர் குறைவு. முந்தின நாள் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

9. ஒத்துக்கொள்ளும் முன் சம்பளத்தைக் கணக்குப் போடுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'கேஷுவல்தானே' என்ற சொல்லுக்குப் பின்னால் நிறையப் பணம் காணாமல் போகிறது.

நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மார்ச் 1 அன்று வருடா வருடம் மாறும். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது, அந்தக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 230.32. நீங்கள் சேரும்போது உள்ள தொகையைத் தொழிலாளர் துறையின் தளத்தில் பாருங்கள். கேஷுவல் என்பதால் அதற்குக் கீழே கொடுக்கமுடியாது. உணவகத்தில் டிப்ஸ் இதில் சேராது, போக்குவரத்துப் படியும் சேராது. 'டிப்ஸ்தான் உன் சம்பளம்' என்று சொல்லும் இடம் சட்டத்தை மீறுகிறது.

இரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டுக் கூட்டம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினாலும் நான்கு மணி நேரச் சம்பளம் தரவேண்டும். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வழக்கமான வேலை நாள் என்றால் ஒன்றரை மடங்கு, இல்லையென்றால் இரட்டிப்பு. பொது விடுமுறை நாளில் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் இரட்டிப்பு. மாலை ஆறுக்கு மேலான வேலைக்குப் போக்குவரத்து கிடைக்கும்படி இருக்கவேண்டும். கடை வண்டி விடுகிறதா, எந்த முனை வரை விடுகிறது என்று கேளுங்கள். இந்த விதிகளில் பல, மாதத்துக்கு 24 மணி நேரத்துக்குக் குறைவாக ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எழுத்தில் வாங்கவேண்டியவை: மணிக்கு எவ்வளவு, எந்த நாள் சம்பளம், என்றைக்கு வேலை முடிகிறது. சம்பளக் கணக்கு முடிக்கும் தேதியையும் கேளுங்கள். பல இடங்களில் டிசம்பர் கணக்கைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு செய்த வேலைக்கான பணம் ஜனவரியில்தான் வரும். கிறிஸ்துமஸுக்கு முன் முழுத் தொகையும் வரும் என்று நம்பிச் செலவு செய்துவிட்டு முழிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

10. முதல் இரண்டு வாரம்

வேலை செய்த நேரத்தை நீங்களே தினமும் எழுதிவையுங்கள், பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) வந்ததும் ஒப்பிடுங்கள். வேலையிழப்புக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப்.புக்கு உங்கள் பங்கு ஒரு சதவீதம்தான். வாரத்துக்கு 22 மணி நேரத்துக்குக் குறைவான வேலை என்றால் வரி 25 சதவீதம் பிடித்திருக்கலாம். பயப்படவேண்டாம், வருட வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் திரும்ப வாங்கலாம்.

டில்லில் உட்காரும் புதியவர்களைத் தடுமாற வைப்பது காசு குறைவது. ஷிஃப்ட் தொடங்கும்போது பெட்டியில் இருக்கும் தொகையை மேற்பார்வையாளர் முன்னால் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் டில்லில் வேறொருவர் 'ஒரு நிமிஷம்' என்று உட்கார்ந்தால் அதற்கும் எழுத்து இருக்கட்டும். குறைந்த காசைச் சம்பளத்தில் பிடிக்க, உங்கள் தவறு என்று காட்டவேண்டும், உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும், நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். அப்போதும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது.

சம்பளம் வராவிட்டால் முதலில் மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகம் அல்லது வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏ. காசு ஆகாது, வக்கீல் வேண்டாம். காரணமில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்றால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவுக்குப் போகவேண்டும், ஜனவரி கடைசி வரை யோசித்துக்கொண்டிருந்தால் நாள் கடந்துவிடும்.

11. கிளம்பும்போது வாங்கவேண்டியவை

கடைசி நாளில் சேவைச் சான்றிதழ் கேளுங்கள். பெயர், பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். தருவது அவர்கள் கடமை, உதவி அல்ல. கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை. மேனேஜரின் பெயரையும், அடுத்த வருடம் சாட்சியாகப் போட்டுக்கொள்ள அனுமதியையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். ஆண்டு நடுவில் ஈஸ்டர், ஜூலை விடுமுறைக்கு ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்றும் சொல்லி வையுங்கள். தெரிந்த முகத்தைக் கூப்பிடுவது அவர்களுக்கும் சுலபம்.

வரி ஆண்டு பிப்ரவரி கடைசியோடு முடியும். அதன் பிறகு வரிச் சான்றிதழ் அனுப்புவார்கள், அதனால் மின்னஞ்சல் முகவரியை மாற்றினால் சம்பளப் பிரிவுக்குச் சொல்லுங்கள். ஜூலையில் ஈ-ஃபைலிங் திறந்ததும் கணக்குத் தாக்கல் செய்தால், பிடித்த வரி உங்கள் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும்.